முதியோர் சங்கத்துக்கு 45,000 ரூபா கேட்பது எப்படி?

கேள்வி: "பட்டிப்பளைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு முதியோர் சங்கம் இருக்கிறது. அங்கத்தவர் 36 பேர். எனக்கு 29 வயது, சங்கத்தில் இல்லை. எழுத்துவேலை தெரியும் என்று செயலாளருக்கு உதவியாக வைத்திருக்கிறார்கள். ஒக்டோபரில் முதியோர் தினம் வந்தால் ஒரு விழா, அதைவிட்டால் வருடம் முழுக்க ஒன்றுமில்லை. சிறு நிதி ஏதும் எடுத்து அவர்களை அடிக்கடி ஒன்றுகூட வைக்கலாமா? யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது, என்ன எழுதுவது?"

தம்பி, எடுக்கலாம். நீங்கள் கேட்ட மூன்றையும் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். என்ன எழுதுவது என்று தெளிந்தால் எவ்வளவு என்பது தானாக வந்துவிடும். தொகை தெரிந்தால் யாரிடம் போவது என்பதிலும் பாதி முடிந்த மாதிரி.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் சமூக சேவைப் பக்கம் பல வருடம் வேலை செய்தவள். சங்கங்களின் விண்ணப்பங்களைக் கையில் வாங்கியும் இருக்கிறேன், சங்கங்களோடு குந்தியிருந்து எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்புத்தான்: முதியோர் தின விழா, பந்தல், பதாகை, மாலை, ஒலிபெருக்கி, மதியச் சாப்பாடு, நினைவுப் பரிசு. சில நேரம் காசும் கிடைக்கும், ஒரே நாளில் முடிந்தும் போகும். அப்படி ஒரு விழா எனக்கு மறக்காது. காலை 9 மணிக்கு வரச்சொன்ன ஆட்களை, பிரதம விருந்தினர் வந்த பதினொன்றரை மணி வரை தகரக் கொட்டகைக்குள் இருத்தி வைத்திருந்தோம். கச்சான் காற்று அடிக்கிற நாள், உள்ளுக்கு அடுப்பு மாதிரி. ஒரு ஐயா எழும்பி வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். படத்துக்கு ஆள் குறையக்கூடாது என்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து திரும்ப இருத்தினோம். பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. அது இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்குக் காசு கேட்காதீர்கள், கிழமைகளுக்குக் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம், அதே இடம். பெரிய நிகழ்ச்சி ஒன்றும் வேண்டாம். வயது போன ஆளுக்கு "அடுத்த வியாழன் சங்கம் இருக்கு" என்று நினைத்துக்கொள்ள ஒரு நாள் கிடைப்பது பெரிய காரியம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு ஒன்று 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது என்றும், ஆண்டுக்கு 8 இலட்சத்து 71 ஆயிரம் இறப்புகள் வரை அதோடு தொடர்புபட்டவை என்றும் சொல்கிறது. தனிமை மனதை மட்டுமல்ல, உடம்பையும் தின்கிற ஒன்றாகவே இப்போது பார்க்கிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் விண்ணப்பத்தில் ஒரு வரியில் எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம், மிச்சத்துக்கு உங்கள் ஊரை எழுதுங்கள்.

"எங்கட ஊரில ஆர் தனிய இருக்கிறா, எல்லாரும் பிள்ளைகளோடதானே" என்று சங்கத்திலேயே சிலர் சொல்வார்கள். நமது பக்கத்தில் வீடு மகளுக்குப் போகிற வழக்கம். மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசி மகளின் வீட்டில் ஒரு அறைக்குள் ஒதுங்குகிற தாய் தகப்பன் அதிகம். வெளியில் இருந்து பார்த்தால் நிறைந்த வீடு. அந்த மகள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்டால் பேரப்பிள்ளைகள் முழுப் பொறுப்பும் பெத்தாவின் தலையில். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்துகிறா, தன் வயது ஆள் ஒன்றோடு நாலு வார்த்தை கதைத்து மாதக்கணக்காகியிருக்கும். காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம், ஒன்றரைக்கு விடும். நடுவில் சமையல். அவவிடம் சங்கத்துக்குத் தர இருப்பது 9 முதல் 11 வரை இரண்டு மணித்தியாலம்தான். அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வர வசதி என்று பின்னேரம் 3 மணிக்குக் கூட்டம் வைக்கிற சங்கங்களில் இப்படியான பெத்தாமார் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். நேரத்தைக் குறிக்க முதல் அவர்களைக் கேளுங்கள்.

இனி எழுதுகிற வேலைக்கு வருவோம். பேனை எடுக்க முதல் அங்கத்தவர் இடாப்பை எடுங்கள். கடைசி மூன்று கூட்டத்துக்கும் வராத ஆட்களைக் குறித்து, வீட்டுக்கு வீடு போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் "சும்மாதான் மனே" என்பார்கள். கொஞ்சம் இருந்து கதைத்தால்தான் உண்மை வரும். கண்ணில் வெண்புரை. காது கேட்காது, கேட்காமல் இருந்து சிரிப்பது வெட்கம். போட நல்ல செருப்பு இல்லை. சந்தியில் நாய். ஒரு கிலோமீற்றர் நடக்க முழங்கால் விடாது, ஓட்டோவுக்குக் காசு கேட்க மருமகனிடம் வாய் வராது.

ஒரு சங்கத்தில் எண்பது வயதுக்குக் கிட்டின ஒரு பெத்தா வந்துகொண்டிருந்தா. வந்தால் ஓரமாக இருப்பா, எல்லாக் கதையும் கேட்பா. தேத்தண்ணி நீட்டினால் மட்டும் கையை ஆட்டி வேண்டாம் என்பா. அவித்த கச்சானை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வா, பேரனுக்கு. மூன்றாவது கூட்டத்தில் பக்கத்தில் போய் இருந்து, சீனி போடாமல் தரட்டா என்று கேட்டேன். என் காதுக்குள் சொன்னா: "தேத்தண்ணி குடிச்சா ஒண்டுக்குப் போகணும் மகள். இங்க குந்தினா எழும்ப ஏலா. மறுகா ஆரையும் கூப்பிடணும்." நாலாவது கூட்டத்துக்கு அவ வரவில்லை. வந்தவர்களை எண்ணி அறிக்கை எழுதிய நாங்கள், அவ நின்றுபோனதை எழுதவில்லை. பிறகு சங்கக் காசில் ஒரு கொமட் கதிரையும், மலசலகூடச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு இரும்புக் கம்பியும் போட்டோம். போட்ட கிழமை அவவை ஓட்டோவில் கூட்டிவந்து காட்டினோம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இறுக்கித்தான் போட்டிருக்கு" என்றா. அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தா.

ஆகவே என் கணக்கில் முதியோர் சங்கத்தின் சமூக நிகழ்வு மலசலகூடத்திலும் ஓட்டோவிலும் தொடங்குகிறது. பாட்டும் விளையாட்டும் ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு வருகிற விடயம், அதற்குப் பெரிய காசும் தேவையில்லை.

என்ன செய்விப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள் தம்பி. இளம் ஆட்கள் எழுதுகிற திட்டத்தில் யோகாசனம், தியானம், விரிவுரை, மறுபடி ஒரு விரிவுரை என்று இருக்கும். ஆண்களைக் கேட்டால் பலர் சொல்வது 304 என்கிற சீட்டாட்டம். சீட்டு என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். காசு வைக்காமல் விளையாடட்டும். எண்ணிக்கை மறக்காமல் துருப்பு நினைவில் வைப்பது மூளைக்கும் நல்லது, தோற்றவர் அடுத்த வியாழன் கட்டாயம் வருவார். டாம் போர்ட் இரண்டு வாங்கிப் போடுங்கள். பெண்கள் பக்கம் பன் புல்லில் பாய் இழைக்கிற கை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டார் கவி சொல்கிறவர்கள் இருப்பார்கள், வசந்தன் பாட்டுத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். உங்கள் பக்கம் கூத்து ஆடின ஆள் இல்லாத ஊர் இராது. கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரும் பழைய ஆட்டக்காரர் இருவரும் இருந்தால் போதும், வடமோடித் தாளம் சரியா தென்மோடித் தாளம் சரியா என்று தொடங்கி இரண்டு மணித்தியாலமும் அதிலேயே போய்விடும். போகட்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மாதத்தில் ஒருநாள் கொண்டுவரலாம். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தபோது பதினைந்து இருபது வயதில் இருந்தவர்கள்தான் இன்று உங்கள் அங்கத்தவர்கள். அன்றிரவு எந்தக் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தார்கள், விடிந்தபோது தென்னையெல்லாம் எந்தப் பக்கம் விழுந்து கிடந்தது, அடுத்த நாள் எதைத் தின்றார்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். செலவு ஒரு கொப்பி, இரண்டு பேனை. விண்ணப்பம் வாசிக்கிறவர்களுக்கும் இது பிடிக்கும்: முதியவர்கள் கொடுக்கிறார்கள், கையேந்தவில்லை என்று தெரியும்.

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். நிகழ்வைத் தொடங்க விளக்கேற்றும்போது, கணவனை இழந்த பெண்கள் தாங்களாகவே பின்னுக்குப் போய் நிற்பார்கள். உங்கள் 36 பேரில் அப்படியானவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களை முதல் கூட்டத்திலேயே கையைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்து ஏற்ற வையுங்கள். இதற்கு ஒருவரிடமும் நிதி கேட்கத் தேவையில்லை.

சரி, கணக்கு. கீழே நான் போடுகிற விலைகள் முறையைக் காட்டுவதற்கு. உங்கள் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாரியில் வெள்ளமும் வழுக்கலும், அதனால் பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை 8 மாதம், மாதம் இரண்டு, மொத்தம் 16 கூட்டம் என்று வையுங்கள். நடக்க ஏலாத 6 பேரை ஓட்டோ இரண்டு நடையில் ஏற்றி இறக்க ஒரு கூட்டத்துக்கு 1,200 ரூபா என்றால், 16 கூட்டத்துக்கு 19,200. கொமட் கதிரையும் கைப்பிடிக் கம்பியும் மேசன் கூலியோடு 15,000. டாம் போர்ட், சீட்டுக்கட்டு, பாய் இழைக்கப் பன் எல்லாம் 7,000. கொப்பி, போட்டோப் பிரதி, தொலைபேசிக் காசு 3,800. கூட்டினால் 45,000. இதுதான் நீங்கள் கேட்கும் தொகை.

அதற்குக் கீழே இன்னொரு கணக்கை எழுதவேண்டும், பலர் விடுகிற இடம் இது: சங்கத்தின் பங்கு. தேத்தண்ணியும் சிற்றுண்டியும் ஆளுக்கு 60 ரூபாப்படி 36 பேருக்கு 2,160, 16 கூட்டத்துக்கு 34,560 ரூபா. அதை வீடுவீடாக முறை வைத்து அங்கத்தவர்களே பொறுப்பெடுக்கட்டும். ஒருத்தர் கொழுக்கட்டை, ஒருத்தர் அவித்த கடலை, பனங்காய்க் காலத்தில் பணியாரம். வசதி இல்லாதவர் தேங்காய் துருவிக் கொடுத்தாலும் பங்குதான், அதையும் முறையில் எழுதுங்கள். மண்டபமும் கதிரையும் கிராம அபிவிருத்திச் சங்கம் இலவசமாகத் தருவதென்றால் அதற்கு ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். 45,000 கேட்கிற சங்கம் கிட்டத்தட்ட அதேயளவு உழைப்பைத் தானும் போடுகிறது என்று தெரிந்தால், வாசிக்கிற அதிகாரிக்குக் கையெழுத்து வைக்க மனம் வரும். நானே அப்படித்தான் இருந்தேன்.

பஸ் பிடித்துக் கதிர்காமம் போகவேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அந்த ஒரு பயணச் செலவு இந்தக் கணக்கு முழுவதையும் விழுங்கிவிடும், பஸ்ஸில் ஏற ஏலாத ஆள் வீட்டிலேயே இருப்பார். யாத்திரைக்கு ஆளுக்கு மாதாமாதம் ஒரு தொகை சேர்த்துச் சொந்தக் காசில் போகச் சொல்லுங்கள். கிட்டடியில் அரை நாள் பயணம் என்றால், கொக்கட்டிச்சோலைக்கோ கல்லடிக் கடற்கரைக்கோ போய்வருவது என்றால், அதைத் திட்டத்துக்குள் சேர்க்கலாம். வழியில் எங்கே மலசலகூடம் இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிட்டு வாருங்கள்.

யாரிடம் கேட்பது? முதலில் பிரதேச செயலகம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் வந்தன. 60 வயது கடந்தவர் அந்தச் சட்டத்தில் முதியவர். கிராம மட்டத்தில் முதியோர் சங்கம், அதற்கு மேல் பிரதேச மட்டம், மாவட்ட மட்டம் என்று அமைப்பு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருந்தால் அவர்தான் உங்கள் முதல் ஆள், இல்லாவிட்டால் சமூக சேவை உத்தியோகத்தர். சங்கம் பதிவில் இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பதிவை அப்படியே விட்ட சங்கங்களைக் கண்டிருக்கிறேன். 70 வயது கடந்தவர்களுக்கு அரசு தருகிற மாதாந்தக் கொடுப்பனவு இதோடு கலக்காது. அது ஆளுக்கு வருகிற காசு, இது சங்கத்துக்கு. கூட்டத்தில் இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "எங்கட காசை எடுத்துச் சங்கம் நடத்திறாங்க" என்று கதை கிளம்பும்.

அதற்கு அடுத்த வாசல்கள்: மாகாண சமூக சேவைகள் திணைக்களம், பிரதேச சபை, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. கடைசியில் சொன்னது பெரும்பாலும் பொருளாகத்தான் வரும், கதிரை, ஒலிபெருக்கி, கூடாரம் என்று. ஓட்டோக் காசு அதில் கேட்டுப் பயனில்லை. கொமட் கதிரையையும் கம்பியையும் மட்டும் தனியாகப் பிரித்து அங்கே கேட்கலாம். கூத்தும் கவியும் பதிவு செய்கிற பகுதியைப் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். கண், காது சம்பந்தமாக ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற அமைப்புகள் இருக்கின்றன. 1986 முதல் முதியோருக்காகவே வேலை செய்கிற நிறுவனம் அது. பிரஷர், சீனி பார்க்கச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தால் இரண்டு மூன்று கூட்டத்துக்கு ஆட்களை அனுப்புவார்கள். வெற்றிலை போடுகிறவர்களின் வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நமது பக்கத்துக்கு அது மிக முக்கியம். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளிடமும் கேட்கலாம். "சங்கத்துக்கு உதவி" என்று கேட்காமல் "6 பேருக்கு 16 கூட்டத்துக்கு ஓட்டோ" என்று கேட்டால் ஒருவரே முழுதும் தந்துவிடுவார், தன் தாய் அந்த 6 பேரில் ஒருவராக இருக்கலாம்.

அம்பாறைப் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கரைப்பற்று, கல்முனை, நிந்தவூர், காரைதீவு போன்ற இடங்களில் தமிழ் முதியோரும் முஸ்லிம் முதியோரும் வயலிலும் சந்தையிலும் பழகி வளர்ந்தவர்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து வருடத்தில் இரண்டு கூட்டம் வையுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், நோன்பு மாதத்தைத் தவிருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமையையும் தவிருங்கள். கவி இரண்டு பக்கமும் உண்டு. ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

காசு வந்த பிறகுதான் சங்கங்கள் அதிகம் சிக்குப்படுகின்றன, அதனால் இதைக் கவனமாக வாசியுங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையொப்பக்காரர், எந்த இருவர் போட்டாலும் எடுக்கலாம் என்று வையுங்கள். இருவரை மட்டும் வைத்த சங்கத்தில் ஒருவர் இறந்துபோனால் கணக்கு முடங்கும். முதியோர் சங்கத்தில் இது நடக்காது என்று நினைக்க முடியாது. செத்தவீட்டு முப்பத்தொன்று முடிய முதல் கையொப்பம் மாற்ற அந்த வீட்டாரிடம் போய் நிற்க வேண்டிவந்த சங்கம் எனக்குத் தெரியும். வருடாந்தக் கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் கூட்டறிக்கைப் பிரதியோடு அடுத்த கிழமையே வங்கிக்குப் போங்கள்.

ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார். வவுச்சர் ஒன்று எழுதி, வாகன இலக்கம், அடையாள அட்டை இலக்கம், திகதி, எத்தனை நடை என்று போட்டுக் கையொப்பம் வாங்குங்கள். வீட்டில் வைத்திருக்கிற ஓட்டோவை ஓட வைத்துத் தலைவரின் மகனுக்கே காசு கொடுக்கிற நிலை வந்தால், அதைக் கூட்டத்தில் சொல்லி அறிக்கையில் எழுதிவிட்டுக் கொடுங்கள். மறைத்தால் சின்னத் தொகையும் பெரிய சண்டையாகும். கடையில் வாங்கும் எல்லாச் சாமானுக்கும் பற்றுச்சீட்டு சங்கத்தின் பெயரில். வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட ஏலாதவரிடம் பெருவிரல் அடையாளம். அதே புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் வராதவர் பெயரும் ஏன் வரவில்லை என்பதும். அறிக்கை எழுதும்போது உங்களுக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் கைகொடுக்கும்: "பெப்ரவரியில் 19 பேர் வந்தார்கள், ஜூனில் 28 பேர், புதிதாக வந்த 9 பேரில் 5 பேர் ஓட்டோ விட்டதால் வந்தவர்கள்" என்ற மாதிரி உங்கள் சொந்த எண்ணை எழுத முடிந்தால் அடுத்த வருடம் கேட்பது சுலபம். படம் எடுக்கலாம், அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பொதியைக் கையில் கொடுத்துக் கமராவைப் பார்க்க வைக்கிற படம் ஒன்றும் வேண்டாம். 304 விளையாடும்போது எடுங்கள்.

காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். விண்ணப்பத்தை நவம்பரிலேயே எழுதி, ஜனவரி இரண்டாம் கிழமைக்குள் கையில் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை குத்திய பிரதியை வாங்கிவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதவேண்டாம். ஒரு பக்கத்தில் ஆட்கள், மறு பக்கத்தில் கணக்கு. ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். போகும்போது நீங்கள் தனியாகப் போகாமல் தலைவரையோ ஒரு பெத்தாவையோ கூட்டிக்கொண்டு போய், அவர்களையே கேட்க விடுங்கள். சங்கம் அவர்களுடையது. நீங்கள் கோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும்.